வாசப்படிக்கல் நின்ற இடம்

சபாரத்தினத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் நடுவுல யாரும் "ஐயோ பாவம், வயசான மனுஷன்"னு உச்சுக் கொட்ட வேண்டாம். அவர் காலுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாதுதான். அதுக்காக ஆளைப் பிடிச்சுப் போயிடுமா என்ன?

முதல் தடவை நான் அவரைப் பார்த்தது நியூசிலாந்துல, ஆக்லாந்துக்குள்ள இருக்கற ஒடாஹுஹுல, ஒரு வாடகை ஹால்ல. தமிழ் வரலாற்று வட்டம்னு ஒண்ணு நடத்துறாங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமை கூடுவாங்க, யாராவது பேசுவாங்க, கடைசியில வடையும் டீயும் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரங்கதான் அதிகம், நம்ம ஊர் ஐ.டி. ஆளுங்களும் கொஞ்சம் பேர் வருவாங்க. சபாரத்தினம்தான் தலைவர். ஊரோட இன்னொரு கோடியில, ரானுயில, அவருக்கு ஒரு கல் யார்ட் இருக்கு, தோட்டத்துக்கும் மதிலுக்கும் கல்லு விக்கிறவரு. அன்னைக்குப் பேச்சும் அவரோடதுதான். தலைப்பு, "மால்டாத் தீவில் தமிழன் கட்டிய கோயில்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா நான் ஆக்லாந்துக்கு வந்து அஞ்சு வருஷமா பி.எச்.டி. பண்றதே அந்தக் கோயில்களைப் பத்தித்தான். மால்டான்னா சிசிலிக்குக் கீழ, நடுக்கடல்ல கிடக்கற ஒரு குட்டித் தீவு. அங்கயும் பக்கத்துல இருக்கற கோஸோ தீவுலயும் அஞ்சாயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி, எகிப்துல முதல் பிரமிடு எழும்புறதுக்கும் முந்தி, ராட்சசக் கல்லுங்களை நிறுத்திக் கோயில் கட்டியிருக்காங்க. கையில இரும்பு இல்ல, செம்பு இல்ல. மான் கொம்பும் தீக்கல்லும் வச்சு வேலை பார்த்த ஜனங்க. உள்ளே போனா மூணு இலை சேர்ந்தாப்ல வளைஞ்சு வளைஞ்சு அறைங்க. ஆயிரம் வருஷம் போலக் கட்டினாங்க. அப்புறம் ஒருநாள் நின்னுபோச்சு. யாரு, என்ன பாஷை, என்ன சாமி, ஒண்ணும் தெரியாது. ஒரு எழுத்துகூட விட்டுட்டுப் போகல.

எழுத்து விட்டுட்டுப் போகலைன்னா நம்ம ஆளுங்களுக்குக் கொண்டாட்டம். யாரு வேணா உள்ள புகுந்துக்கலாமே. சபாரத்தினம் ஸ்லைடு மேல ஸ்லைடா போட்டாரு. அங்க கிடைச்ச பருத்த உடம்புக் கல் சிலையைக் காட்டி, இது எங்கட அம்மன்னாரு. சுருள் சுருளா செதுக்கின கல்லைக் காட்டி, இது எங்கட கோலம்னாரு. கல்லுக்கு நடுவுல வெட்டின வாசலைக் காட்டி, இது மூலஸ்தானம்னாரு. ஒவ்வொண்ணுக்கும் ஹால்ல கைதட்டல். எனக்கு உச்சந்தலையில சூடேறிச்சு.

எழுந்து நின்னேன். எந்த வருஷம் போனாங்க, எந்தப் படகுல போனாங்க, போனதுக்கு ஒரு உடைஞ்ச பானை ஓடாவது இருக்கான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. பிள்ளை படிச்சது உண்மைதான், ஆனா வெள்ளைக்காரன் எழுதினதைத்தான் படிச்சிருக்குன்னு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாரு. நான் விடல. "நீங்க யாரு எழுதினதையும் படிக்கலையே அங்கிள்"னேன். பின்வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. அவரு காது ரெண்டும் சிவந்து போச்சு. அன்னைக்கு எனக்கு வடை வரல. அவரு மனைவி செல்வநாயகிதான் தட்டோட வந்தாங்க, என் வரிசையை மட்டும் தாண்டிப் போனாங்க.

அத்தோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா எனக்குக் கல்லு வேணுமே.

என் ஆராய்ச்சி என்னன்னு சொல்லிடறேன், ரொம்ப இல்ல. அந்தக் கோயில்கள்ல பெரிய கல்லுங்க பக்கத்துல கல் உருண்டைகள் கிடைச்சிருக்கு. பப்ளிமாஸ் சைஸ் உருண்டை. கல்லுக்கு அடியில இதுங்களைப் போட்டு உருட்டிட்டு வந்திருப்பாங்கன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. என் கட்சி வேற. வெளியில இழுத்துட்டு வர்றதுக்கு இல்ல, உள்ள வந்தப்புறம் திருப்பறதுக்குத்தான் உருண்டை. யோசிச்சுப் பாருங்க, வாசப்படிக்கல்லை நெடுக்குவாட்டுல உள்ள கொண்டு வந்துட்டோம். இப்போ அதைக் குறுக்குவாட்டுல திருப்பி வாசல்ல போடணும். உள்ள நின்னு கயிறு இழுக்க இடமே கிடையாது. அடியில உருண்டைங்க, மூலையில நெம்புகோல், நாலு பேர். கல்லு சுத்தும். வேணும்கிற இடத்துல மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்திடலாம்.

என் கைடு ஒரு வெள்ளைக்காரர். நல்லவருதான், ஆனா பிடிவாதம். கல்லு திரும்பும், சரி, ஆனா நிக்காதும்மான்னாரு. உருண்டை மேல ஏறின கல்லை மரக்கட்டை நிறுத்தாதுன்னாரு. தரையில ஒரு கோடு போட்டு அதுல நிறுத்திக் காட்டு, இல்லேன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடுன்னுட்டாரு. அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது எல்லாம் ஏற்கனவே யார் யாரோ எழுதினது. பட்டம் கிடையாது. ஸ்காலர்ஷிப் தீர்ந்துபோச்சு, விசா டிசம்பர் வரைக்கும்தான். ஆக, அந்த ஒரு கல்லு அந்த ஒரு கோட்டுல நிக்கணும். என் அஞ்சு வருஷமும் அதுல இருந்துச்சு.

ஆக்லாந்துல ஒரு கல் யார்டு பாக்கி இல்ல, கேட்டேன். இன்சூரன்ஸ், சேஃப்டின்னு சொல்லி எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. கடைசியில மானத்தை மூட்டை கட்டி வச்சுட்டு ரானுயிக்கு ரயில் ஏறினேன். சபாரத்தினம் என்னை நிக்க வச்சே பேசினாரு. ஆனா உடனே சரின்னுட்டாரு. தெக்கே ஓமாருலேர்ந்து வர்ற கல்லு ஒரு பெரிய பலகை இருக்கு, மெத்துனு வெள்ளைக் கல்லு, மால்டாக் கல்லு மாதிரியேதான் இருக்கும்னாரு. தோட்டத்துல அழகுக்கு வைக்கிற கருங்கல் உருண்டையும் தன்கிட்ட இருக்குன்னாரு. ஆளும் தன் வட்டத்துலேர்ந்து தருவாராம். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கிளம்பும்போது மெதுவா விஷயத்துக்கு வந்தாரு. ஆராய்ச்சியில ஒரு வரி வரணும். தமிழரோட தொடர்பை மறுக்க முடியாதுன்னு ஒரே வரி. முடியாதுன்னேன். பிறகு பார்ப்பம் பிள்ளைன்னாரு, ஏதோ நான் சரின்னு சொல்லிட்ட மாதிரி.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டைதான். நான் போடற முடிச்சு சரியில்லம்பாரு. உருண்டையை நான் வைக்கிற இடம் சரியில்லம்பாரு. முப்பது வருஷமாக் கல்லோட கிடக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறீரோம்பாரு. நானும் சும்மா இருக்கல. உங்க கல்லு எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் தூக்கறது அங்கிள், நீங்க தூக்கறது சாவியை மட்டும்தான்னு ஒருநாள் சொல்லிட்டேன். வேலைக்கு நின்ன ஆளுங்க எல்லாம் வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அதுலேர்ந்து அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்ல. "மால்டாப் பிள்ளை" ஆயிட்டேன். நானும் வீட்டுல ஃபோன்ல அம்மாகிட்ட அவரை "கல்லுக்கடைக் கிழம்"னுதான் சொல்லுவேன்.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் நான் கறாரா இருந்தேன். கல்லு பக்கத்துல நிக்கிற எல்லாரும் இரும்பு முனை வச்ச பூட்ஸ் போட்டிருக்கணும். அதை அவரு ஒத்துக்கிட்டாரு. அவரு யார்ட்டுல அது ஏற்கனவே சட்டம். அவரே காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த பூட்ஸோடதான் நடப்பாரு.

சோதனை நாளும் வந்துச்சு. ஜூலை மாசம், காலையிலேர்ந்து பூத்தூறல். நான் கேட்டது எட்டுப் பேர். நான் குடியிருக்கற பாபடோயிட்டோய்லேர்ந்து பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள யார்ட் வாசல்ல திருவிழாவே நடக்குது. நாப்பது அம்பது பேர். பட்டுப்புடவைக்கு மேல பஃபர் ஜாக்கெட், வேட்டிக்கு மேல ரெயின்கோட். யாரோ ஒரு ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் போட்டுவிட்டிருக்காங்க. கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, மாலையும் போட்டாச்சு. கேட்டுக்குப் பக்கத்துல பூட்ஸும் செருப்பும் வரிசையா கிடக்குது.

எல்லாரும் வெறுங்காலு, சபாரத்தினமும்தான். நேரா அவர்கிட்ட போய்க் கத்தினேன். கோயில் கல்லுக்கு முன்னால சப்பாத்தோட நிக்கிறதோன்னு அவரு என்னையே திருப்பிக் கேட்டாரு. இது கோயில் கல்லு இல்ல, ஓமாரு கல்லு, போன வாரம் வரைக்கும் உங்க பார்க்கிங்ல கிடந்ததுன்னேன். பூசை முடியட்டும், பிறகு போடச் சொல்லுறன்னு சொல்லிட்டு அவரு வேற பக்கம் திரும்பிட்டாரு. செல்வநாயகி ஆன்ட்டி தாம்பாளத்தோட வந்து, பூசை நேரத்துல சத்தம் போடாதேங்கோன்னாங்க. அன்னைக்கு நான் அங்கேயே எல்லாத்தையும் நிறுத்தி இருக்கலாம்னு நீங்க சொல்லலாம். சொல்லுங்க. டிசம்பர் உங்களுக்கு வரல, எனக்கு வந்துட்டு இருந்துச்சு.

கல்லை ஏற்கனவே உருண்டைங்க மேல ஏத்தி வச்சிருந்தோம். முந்தின நாளே ஃபோர்க்லிஃப்ட்டால தூக்கி, சுண்ணாம்புக்கல் பாவின தளத்துமேல உருண்டைங்களைப் பரப்பி, மேல இறக்கியாச்சு. நாலு பக்கமும் முட்டுக்கட்டை. ரெண்டு பக்கமும் வாசல் மாதிரி ரெண்டு நட்டக்கல்லு. தரையில சுண்ணாம்புக் கட்டியால கோடு, கல்லு வந்து நிக்கறதுக்கு அந்தக் கோட்டுக்கு முன்னாடி தனியா ஒரு கட்டை. கல்லோட பின்மூலையில நீளமா ஒரு கயிறு கட்டியிருந்தேன். அது இழுக்கறதுக்கு இல்ல. கல்லு திமிறினா இரும்புத் தூண்ல ஒரு சுத்துச் சுத்திப் பின்னால இழுத்துப் பிடிக்கறதுக்கு. இன்னும் சுத்தல. சும்மா தரையில நீட்டிக் கிடந்துச்சு.

இப்போ யோசிச்சா தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. மாலை போட்ட கல்லு. முன்னால கற்பூரம். பக்கத்துல நாதஸ்வரம். அதுலேர்ந்து கை மொத்தத்துக்கு ஒரு கயிறு நீளமா வருது. எதிர்ல நாப்பது தமிழங்க வெறுங்காலோட நிக்கிறாங்க. வெள்ளைக்காரனுக்கு அது கயிறு. நமக்கு அது தேர்வடம். வடத்தைப் பார்த்தா தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம இருக்க முடியுமா நம்மால? அஞ்சு வருஷம் மால்டாக்காரன் கல்லை எப்படி இழுத்திருப்பான்னு யோசிச்ச நான், தமிழன் கயிற்றைப் பார்த்தா என்ன செய்வான்னு ஒரு நிமிஷம் யோசிக்கல.

நான் கேமராவைப் பார்க்கப் போயிருந்தேன். பெரிய கேமரா ஸ்டாண்டுல, கைடுக்காக. உருண்டை எப்படி நகருதுன்னு பார்க்க என் ஃபோனைத் தரையோட தரையா ஒரு செங்கல்ல சாய்ச்சு வச்சிருந்தேன். சபாரத்தினம் தேங்காய் உடைச்சாரு. அப்புறம் புதுக் கார் டயருக்கு வைக்கிற மாதிரி, கல்லோட நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பிச்சாரு. மூணு வச்சாச்சு. நாலாவதுக்கு முன்மூலையில குனிஞ்சாரு. அந்நேரம் யாரோ "அரோகரா"ன்னு குரல் கொடுத்தாங்க. நாப்பது பேரும் பதில் கொடுத்து வடத்தை இழுத்தாங்க.

நாலு பக்கத்து முட்டுக்கட்டைங்களும் பல்லு மாதிரித் தெறிச்சு விழுந்துச்சு. கல்லு நகர்ந்துச்சு. ஐயோ, என்ன அழகா நகர்ந்துச்சு தெரியுமா. பின்மூலை கேட்டுப் பக்கம் போக, முன்மூலை அப்படியே வளைஞ்சு, ரெண்டு நட்டக்கல்லுக்கும் நடுவுல ஒரு கீறல் இல்லாம திரும்பி, கோட்டுல வந்து நின்னுச்சு. கோட்டுமேல. ஒரு விரக்கடை அப்படி இப்படி இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் துள்ளிக் குதிச்சுக் கத்தினேன். நின்னுடுச்சு, நின்னுடுச்சுன்னு கத்திட்டே இருந்தேன். அவரு எழுந்திருக்கலைங்கறதை முதல்ல பார்த்தது செல்வநாயகி ஆன்ட்டிதான்.

ஃபோர்க்லிஃப்ட் கொண்டு வந்து கல்லைத் தூக்கினப்போ அவரு சத்தமே போடல. வாயைத் திறந்து திறந்து மூடினாரு. இடது கால். பாதத்துல பாதியை ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. சேஃப்டி ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து யார்டைச் சீல் வச்சாங்க. இனிமே மனுஷங்களை வச்சு ஒரு கல்லையும் தொடக் கூடாதுன்னு பல்கலைக்கழகம் சொல்லிடுச்சு. இருக்கற வீடியோவைக்கூட அடிபட்டவர் சம்மதிச்சாத்தான் பயன்படுத்தலாம். இன்னொரு தடவைங்கிற பேச்சுக்கே இடமில்ல.

கைடு பெரிய கேமரா வீடியோவைப் பார்த்தாரு. திரும்பத் திரும்பப் பார்த்தாரு. ஆளு வருத்தத்துல இருந்தாலும் கண்ணு பளபளன்னு இருந்துச்சு. கோட்டுக்கு முன்னாடி நாங்க வச்சிருந்த அந்தத் தனிக் கட்டை அதுல தெரியுது. கல்லு வருது, கட்டைகிட்ட நிக்குது. அவரு கால் நடுவுல மாட்டிக்கிட்டது துரதிர்ஷ்டம், ஆனா நீ சொன்னது சரிதான், நான்தான் தப்புன்னாரு. அஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல. ரயில்ல வரும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு, சந்தோஷத்துல.

வீட்டுக்கு வந்துதான் ஃபோன் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். தரையோட தரையா எடுத்தது. முன் உருண்டை உருண்டு வருது. கட்டையில மோதுது. கட்டை ஈரத் தளத்துல வழுக்கி அப்படியே ஒதுங்கிப் போகுது, நிறுத்தவே இல்ல. பின்னால ஒரு வெறுங்காலு, கல்லோட விளிம்புக்குக் கீழ நீட்டிட்டு இருக்கு. விரல்ல மஞ்சள் தண்ணி. உருண்டை அதுமேல ஏறுது. நசுங்கி, மாட்டி, நிக்குது. கல்லை நிறுத்தினது என் கட்டை இல்ல. சபாரத்தினத்தோட கால்.

அதைப் பார்த்தது உலகத்துல நான் ஒருத்திதான். அழிச்சுட்டா யாருக்கும் தெரியாது. அழிக்கணும்னு தோணிச்சான்னு கேக்கறீங்களா? தோணிச்சு. கட்டைவிரலைக் கொண்டு போய் அதுமேல வச்சேன். அப்புறம் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஃபோனைக் கவுத்துப் போட்டுட்டுப் படுத்துட்டேன்.

மறுவாரம் சம்மதம் கேக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிஸ்கட் டப்பா ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். அவரு அதைப் பார்க்கக்கூட இல்ல. செல்வநாயகி ஆன்ட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னை முறைச்சுட்டே இருந்தாங்க. கட்டுப் போட்ட காலுக்கு மேல போர்வை மேடா கிடந்துச்சு. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். எப்பிடி இருக்கிறன் எண்டு உமக்குத் தெரியாதோன்னாரு.

அவருக்கே தெரிஞ்சிருந்துச்சு. கட்டை ஒதுங்கினதை அவரு கண்ணால பார்த்திருக்காரு. குனிஞ்சிருந்தவருக்கு அது மூக்குக்கு நேர்ல நடந்திருக்கு. அன்னைக்குக் கடைசியா அவரு தெளிவாப் பார்த்தது அதைத்தான்னு சொன்னாரு. அப்புறம் விலை பேச ஆரம்பிச்சாரு. கட்டைதான் நிப்பாட்டினதுன்னு தானும் எங்கயும் சொல்லுவாராம், எழுதியும் தருவாராம். பதிலுக்கு நான் அந்த ஒரு வரியை எழுதணும், தமிழரோட தொடர்புன்னு. நீர் ஒரு பொய், நான் ஒரு பொய், சரியாப் போச்சுதுன்னாரு. அரிசி வாங்கி மிளகாய் குடுக்கற மாதிரி அவ்வளவு சாதாரணமாச் சொன்னாரு.

நான் பெரிய அரிச்சந்திரின்னு நெனச்சுடாதீங்க. என் பொய் எனக்குப் பெரிசா உறுத்தல. அவரு பொய்தான் உறுத்திச்சு. என் அஞ்சு வருஷத்துக்கு நடுவுல, நான் எழுதின பக்கத்துல, அந்த ஆளு வரி வந்து சட்டமா உட்காரும். சாகற வரைக்கும் அங்கேயே இருக்கும். மாட்டேன்னேன். எழுத மாட்டேன், உங்க சம்மதமும் வேண்டாம், மண்ணாப் போகட்டும்னு எழுந்துட்டேன்.

"அப்ப என்ர கால் என்னத்துக்குப் போனது?" அவரு கேட்டாரு.

சத்தம் போட்டுக் கேக்கல. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு இரக்கம் வந்துச்சான்னா, வரல. அவரு பூட்ஸைக் கழட்டினதுக்கு நான் கணக்குச் சொல்லணுமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சும்மாதான் போச்சுன்னு சொல்ல. ஆன்ட்டி முகத்தைப் பார்த்து அதை முழுங்கினேன். கட்டை நிறுத்தாதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம், அதுக்குத்தான் போச்சுன்னேன். என் வாயாலயே. கைடு சொன்னப்போ அஞ்சு வருஷமா ஒத்துக்காததை.

அவரு என் பக்கம் தலையைத் திருப்பினாரு. உதட்டோரத்துல அந்த ஹால்ல பார்த்த சிரிப்பு.

"அப்ப அதையே எழுதும்," அப்படின்னாரு. "கல்லை நிப்பாட்டினது கட்டையில்லை, சபாரத்தினம் எண்ட தமிழன்ர இடது கால் எண்டு என்ர பேரைப் போட்டு எழுதும். அப்பிடி எண்டால் வீடியோவுக்குச் சம்மதம்."

கிழம் படுத்த படுக்கையா யோசிச்சு வச்சிருக்கு. அதை எழுதினா மால்டாக் கோயில் ஆராய்ச்சியில ஒரு தமிழன் பேரு ஏறிடும். என் அத்தியாயமும் அதோட செத்துடும். அதைவிடக் கொடுமை, அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. மால்டாவைப் பத்தி அந்த மனுஷன் வாயிலேர்ந்து வந்த முதல் உண்மை அது. அதை மறுக்க எனக்கு ஒரு வழியும் இல்லாம பண்ணிட்டாரு. உங்களை எனக்குச் சுத்தமாப் பிடிக்கலன்னு சொன்னேன். தெரியும் பிள்ளை, எனக்கும் அப்பிடித்தான்னாரு. ஆன்ட்டி பிஸ்கட் டப்பாவை என் கையிலயே திருப்பிக் குடுத்தாங்க.

எழுதினேன். ஃபோன் வீடியோவையும் சேர்த்துக் கைடுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ஃபோன்ல கூப்பிட்டாரு. நேர்மையா இருந்ததுக்கு நன்றின்னு ரொம்ப நேரம் பேசினாரு. கடைசியில அத்தியாயத்தை எடுத்துடலாம்னாரு. அது இல்லாம பட்டத்துக்குப் போதாதுன்னு அவரு சொல்லல, எம்.பில். மாதிரி எதாவது யோசிக்கலாம்னு இழுத்தாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. வெளியில விமானம் தாழ்வா இறங்கிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தத்துல அவரு கடைசியா சொன்னது சரியாக் கேக்கல. கேட்டுத்தான் என்ன ஆகப் போகுது.

நேரா ரானுயிக்குப் போனேன். அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எதுக்குப் போனேன்னா, அவரு சந்தோஷப்படறதை என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டு வயிறெரிய ரெண்டு வார்த்தை திட்டிட்டு வரணும். அந்த ஒரு திருப்தியாவது எனக்கு வேணாமா?

சோபாவுல காலை நீட்டி உட்கார்ந்திருந்தாரு. ஃபோன்ல அந்த வரியைக் காட்டினேன். செல்வநாயகி ஆன்ட்டியைக் கண்ணாடி எடுத்துட்டு வரச் சொன்னாரு. மெதுவா விரல் வச்சு வாசிச்சாரு. தன் பேரு வர்ற இடத்துல நின்னாரு, இன்னொரு தடவை வாசிச்சாரு. அப்புறம், உமக்கு இனிப் பட்டம் இல்லையோன்னு கேட்டாரு. இல்லன்னேன். ஊருக்குப் போகணுமோன்னாரு. டிசம்பர்லன்னேன். அவரு முகத்தையே பார்த்துட்டு இருந்தேன், இப்போ சிரிப்பாரு, இப்போ சிரிப்பாருன்னு. சிரிக்கல. கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சாரு. வாய்க்குள்ள தயாரா வச்சிருந்த திட்டெல்லாம் எனக்கு அப்படியே நின்னு போச்சு. இந்த ஆளு எனக்கு அதைக்கூடக் குடுக்கல.

அவரு கட்டுப் போட்ட காலைப் பார்த்துட்டே இருந்தாரு. நான் கிளம்பலாம்னு எழுந்தப்போ நிமிர்ந்தாரு. ஹால்ல ஸ்லைடு காட்டின மனுஷன் முகம் இல்ல அது.

"அப்ப அவையள் எப்பிடிப் பிள்ளை நிப்பாட்டினவை?"

அவங்க நிறுத்தினாங்களே. அதுதான் விஷயம். கட்டையும் நிறுத்தாது, கயிறும் நிறுத்தாது, ஆனாலும் அந்தத் தீவுல ஒவ்வொரு வாசப்படிக்கல்லும் அது இருக்க வேண்டிய இடத்துல அஞ்சாயிரம் வருஷமா அசையாம கிடக்கு. கைடுகிட்டயும், செமினார்லயும், அந்த ஹால்லயும், அம்மாகிட்டயும் எல்லாத்துக்கும் நான் பதில் வச்சிருந்தேன். தெரியாதுன்னு ஒரு தடவைகூட ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. போயும் போயும் இந்த ஆளுகிட்டயா அதைச் சொல்லணும்?

"தெரியல அங்கிள்"னேன்.